மேசைவிரிப்புப் போட்ட கிணறு

எங்கள் ஊரில் பெண்பிள்ளை பிறந்ததும் வாப்பாமாருக்கு வீட்டு வளவை அளந்து பார்க்கத் தோன்றிவிடும். குமருக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுக்க வேண்டும். என் வாப்பாவுக்கு நாங்கள் நான்கு பெண்கள். இருந்ததோ கல்முனைக் கடற்கரைப் பக்கம் உம்மாவுக்குச் சீதனமாக வந்த ஒற்றை வளவு. மூத்த ராத்தாமார் இருவரும் ஆளுக்கொரு வீடும் கக்கூசுமாக அதிலேயே குடியிருந்தார்கள். மூன்றாவது ராத்தாவுக்கும் வீடு எழும்பிவிட்டது.

அந்த ராத்தாவுக்குப் பேசிய மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். மற்ற ஆண்களைப் போல விடியலில் கடற்கரைக்குப் போய் ஒதுங்க அவருடைய மரியாதை இடம் கொடுக்காதாம். கக்கூசு இல்லாவிட்டால் கலியாணம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கக்கூசுக்குரிய சீமெந்துக் கோப்பையை அரசாங்கம் சும்மா கொடுத்தது. ஆனால் சுகாதாரப் பரிசோதகர் வந்து, குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் ஐம்பது அடி இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். எங்கள் வளவில் எங்கே நின்று துப்பினாலும் கிணற்றில்தான் விழும். வாப்பா ஒரு வேலை செய்தார். கிணற்றுக் கட்டின்மேல் பழைய கதவொன்றைப் போட்டு, பெருநாளைக்கு மட்டும் வெளியே வரும் பூப்போட்ட மேசைவிரிப்பை அதன்மேல் விரித்து, சுற்றிவரக் கதிரைகளும் வைத்துவிட்டார்.

பரிசோதகர் காரைதீவுக்காரர், நல்ல மனிதர். அவரை அந்த மேசையில் உட்காரவைத்துத் தேத்தண்ணீரும் இனிப்புத் தொதலும் கொடுத்தோம். கிணறு எங்கே என்று கேட்டார். வாப்பா வேலிக்கு அப்பால் எங்கேயோ கையைக் காட்டினார். அந்த நேரம் பார்த்து மேசைக்குள்ளிருந்து ஒரு தவளை கத்தியது. வாப்பா இருமினார். தவளை விடவில்லை, வாப்பாவும் விடவில்லை. பரிசோதகர் தேத்தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு விரிப்பின் நுனியைத் தூக்கிப் பார்த்தார்.

"காக்கா, எனக்குக் கிணத்த மறைச்சிப்போட்டீங்க. குழித் தண்ணிக்கு எப்படி மறைக்கப்போறீங்க?"

வாப்பாவை அண்ணனாக்கிவிட்டு, சிரித்துக்கொண்டே நாடாவை இழுத்து வளவு முழுக்க அளந்தார். வேலியோரம் முருங்கை நின்ற வெறும் மூலை மட்டும் சரிவந்தது. அதில் வெட்டுவதென்றால் இப்போதே கையெழுத்து வைக்கிறேன் என்றார். அந்நிய ஆணுக்கு முன்னால் வாய் திறக்காத உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து பேசினார்.

"அதுல வெட்டேலா. அது சின்னவள்ற வளவு."

சின்னவள் நான்தான். முருங்கையடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தப் பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றால் போகிறதா என்று பரிசோதகர் கேட்டார். ஓம், மாங்காய் களவெடுத்துத் தின்றால் போகாதா என்றார் உம்மா. அடுத்த தெருவில் பெரிய வயற்காரரான போடியாரின் மகளும் நானும் ஒரே மாங்காயைத்தான் கடிப்போம்; அவளுக்கு ஒன்றும் செய்யாது. போடியாரின் வளவில் கிணற்றடியிலிருந்து கக்கூசுக்குப் போவதென்றால் வெயிலுக்குக் குடை பிடிக்க வேண்டும். அந்தக் குடும்பத்துக்குப் பரம்பரையாகவே கல் வயிறு என்று எங்கள் வீட்டில் பேசிக்கொள்வார்கள்.

பரிசோதகர் தொதலைத் தின்றுவிட்டுக் கையெழுத்து வைக்காமலே போனார். வாப்பா கடையில் கோப்பை வாங்கிக் கிணற்றுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டினார். கலியாணம் அமோகமாக நடந்தது. வாத்தியார் மச்சான் புதுக் கக்கூசைப் பற்றித் தன் சேக்காளிகளிடம் பெருமையாகக் கதைத்தார்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். அரசாங்க உத்தியோகத்தரையே எதிர்த்து என் நிலத்தைக் காப்பாற்றியிருக்கிறார்களே. முருங்கையடியில் கோடு கீறி, இது மண்டபம், இது குசினி என்று வீடு கட்டி விளையாடினேன்.

அடுத்த மாரியில் வெள்ளம் வடிந்த கையோடு, வயிற்றால் போய்ச் சோர்ந்த என்னை ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிக் கிடத்தினார்கள். உம்மா பக்கத்திலிருந்து அழுதார். ஆஸ்பத்திரித் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று, எங்கள் கிணற்றில் அள்ளிப் போத்தலில் கொண்டுவந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் பருக்கினார். எனக்கும் அதுதான் இனித்தது.