சிவப்புக் கோரையில் ஒரு பேர்

இந்த ஊரில் பாயைச் சுருட்ட முடியாது. வந்த புதிதில் எனக்குப் பெரிய இம்சையே அதுதான். குளிரையும் மொழியையும்கூடப் பொறுத்துக்கொண்டேன். காலையில் கண் விழித்ததும் கை தானாகப் பாயின் ஓரத்தைத் தேடும். ஓரம் சுவரோடு சுவராகப் போய் முடிந்திருக்கும். ஜப்பானில் வீட்டுத் தரையே பாய். கோரை போன்ற ஒரு புல்லால் நெய்து, வைக்கோல் திண்டின்மேல் இழுத்துக் கட்டி, அறை முழுக்க இடைவெளி விடாமல் பதித்துவிடுகிறார்கள். தத்தாமி என்று பேர். படுக்க அதன்மேல் மெத்தை விரிக்கிறார்கள், விடிந்ததும் மெத்தையைத்தான் மடித்து அலமாரிக்குள் வைக்கிறார்கள். பாய் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. எங்கள் பத்தமடையில் வெயில் ஏறிய பிறகும் ஒரு வீட்டில் பாய் விரித்தபடி கிடந்தால், தெருவில் போகிறவர்கள் நின்றுவிடுவார்கள். "யாருக்கு என்ன, மேலுக்கு முடியலியா?" என்று கேட்டு உள்ளே வருவார்கள். மௌத்து, அதாவது சாவு, விழுந்த வீட்டில்தான் பகலில் பாய் கிடக்கும். அந்த ஊரில் பிறந்தவளை, நாள் முழுக்கப் பாய் விரித்த வீட்டில் கொண்டுவந்து குடிவைத்தால் எப்படி இருக்கும்?

என் வாப்பா பாய் நெய்கிறவர். கல்யாணப் பாய்க்கு அவரிடம்தான் வருவார்கள். ஆற்றங்கரைக் கோரையைக் காயவைத்து, தாமிரபரணித் தண்ணீரில் ஊறப்போட்டு, நூல் மாதிரிக் கீறி நெய்கிற மெல்லிய பாய். மாப்பிள்ளை பேரும் பெண் பேரும் சாயக் கோரையில் பாயிலேயே நெய்து வரும். என் கல்யாணத்துக்கும் நெய்தார். மாப்பிள்ளை காஜா இன்ஜினியரிங் படித்தவர், திருநெல்வேலிக்காரர். அவர் வீட்டு ஆட்கள் பாயைப் பார்த்து, பெண் பேர் ஏன் முன்னால் இருக்கிறது என்று முகத்தைச் சுளித்தார்கள். வாப்பா விடவில்லை. "பாய் பொண்ணு வீட்டுச் சீரு வே. பேரும் பொண்ணு பேருதான் முன்னால வரும். பிடிக்கலன்னா பாயச் சுருட்டித் தாரும், நான் வச்சுக்கிடுதேன்" என்றார். காஜா சிரித்துவிட்டார். ரஹ்மத், காஜா என்று இரண்டு பேரும் ஒரே சிவப்பில் அந்தப் பாயில் இருக்கின்றன. அது ஊரில், வாப்பா வீட்டுப் பரணில் இருக்கிறது. விமானத்தில் அதை யார் தூக்கிவருவது என்று விட்டுவந்தோம். அதைப் படம் பிடித்து மட்டும் போனில் வைத்திருந்தேன்.

காஜாவுக்கு வேலை கிடைத்த இடம் யாட்சுஷிரோ. கியூஷு தீவின் மேற்குக் கரை. விவசாய இயந்திரங்களைப் பழுது பார்க்கும் கம்பெனி. பஸ்ஸை விட்டு இறங்கினால் கண்ணுக்கு எட்டின மட்டும் பச்சைக் கோரை. "ஏளா, ஒங்க வாப்பா நமக்கு முன்னாலயே வந்து நட்டுட்டுப் போயிட்டாவ போலிருக்கே" என்றார் காஜா. இந்த நாட்டில் விளைகிற தத்தாமிக் கோரையில் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில்தானாம். இகுசா என்கிறார்கள். ஐநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே ஆண்ட ஒரு குறுநில மன்னர் குடிமக்களுக்குப் பிழைப்பு வேண்டும் என்று இதை நடச் சொன்னாராம். அவருக்குக் கோயில்கூட உண்டு. எங்கள் ஊரிலும் ஒரு கதை உண்டு. கால்வாயில் விழுந்து ஊறிக் கிடந்த கோரையை ஒரு லெப்பை எடுத்துக் கீறிப் பார்த்தாராம், அதிலிருந்துதான் மெல்லிய பாய் வந்ததாம். இவர்கள் தங்கள் ஆளைக் கும்பிடுகிறார்கள். எங்கள் ஆளை அடக்கிய கபுர் எங்கே என்றுகூட எங்களில் யாருக்கும் தெரியாது. வேலையிலும் வித்தியாசம் உண்டு. இவர்கள் கோரையைக் கீறுவதே இல்லை. அறுத்த கையோடு சாம்பல் நிறக் களிமண் கரைசலில் முக்கி எடுத்து உலர்த்துகிறார்கள். பாய்க்கு வாசமும் நிறமும் அந்தச் சேற்றில்தான் வருகிறதாம். முதல் தடவை பார்த்தபோது, நல்ல புல்லைக் கொண்டுபோய் மண்ணுக்குள் விடுகிறார்களே என்று மனசு திக்கென்றது.

நானும் பகுதிநேரமாக ஒரு பாய்ப் பட்டறையில் சேர்ந்தேன். தறி எல்லாம் இயந்திரம். நிறம் வெளுத்த புல்லையும் நுனி கருகிய புல்லையும் பொறுக்கி எறிவது என் வேலை. பக்கத்தில் ஹிராயாமா-சான். என் உம்மா வயசு இருக்கும். வாய் ஓயாது. எனக்கு ஜப்பானிய மொழி பாதிதான் விளங்கும் என்று தெரிந்தும், மீதிப் பாதியையும் சேர்த்தே பேசுவார். ஒரு நாள் அவரிடம் கல்யாணப் பாயின் படத்தைக் காட்டி, எங்கள் ஊரில் முக்கியமான பாயில் ஆள் பேர் எழுதுவோம் என்றேன். கல்யாணம் என்கிற சொல்லைச் சொன்னேனா இல்லையா என்பது இன்றைக்கு வரைக்கும் நினைவில்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். தன் போனுக்கும் அந்தப் படத்தை அனுப்பச் சொன்னார்.

பட்டறைக்குப் போகும் வழியில் ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. இவர்கள் எரித்துச் சாம்பலைக் கல்லின் கீழ் வைக்கிறவர்கள். சில கற்களில் ஒரு பேர் கறுப்பிலும் பக்கத்துப் பேர் சிவப்பிலும் இருந்தது. கேட்டேன். "சிவப்பு இன்னும் உயிரோடு இருக்கிறவர்" என்றார் ஹிராயாமா-சான். "கணவர் போய்விட்டால் மனைவி பேரையும் சேர்த்துச் செதுக்கிவிடுவோம். அவளும் போன பிறகு சிவப்பைச் சுரண்டிவிடுவார்கள்." வீட்டுக்கு வந்து காஜாவிடம் சொன்னேன். "அடப் பாவமே, செத்தவன் பக்கத்துல சீட்டு ரிசர்வ் பண்ணி வச்சிருக்காவ" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு நான் எதற்காவது கோபித்துக்கொண்டால், "ஒம் பேரச் சிவப்புல எழுதிருவேன் பாத்துக்க" என்பார். அப்போது அது எங்கள் வீட்டு வேடிக்கை.

ஜூலையில் கோரை அறுப்பு. வயலில் நின்றுபோன ஓர் அறுப்பு இயந்திரத்தைப் பார்க்கக் காலையில் போன காஜா, அதன் பக்கத்திலேயே விழுந்துவிட்டார். வெயில் என்றார்கள் ஆஸ்பத்திரியில். சித்திரை வெயிலில் திருநெல்வேலி டவுனைச் சைக்கிளில் சுற்றின ஆளை, எங்கேயோ கடலோரத்துப் பச்சை வயலில் வெயில் கொன்றது என்றால் யார் நம்புவார்கள்? நான் நம்பவில்லை. டாக்டர் மறுபடியும் மறுபடியும் தலை குனிந்தார். அவர் குனியக் குனியத்தான் எனக்குப் புரிந்தது.

அழக்கூட நேரம் இல்லை. இந்த ஊரில் சாவு என்றால் எரிப்பதுதான். வேறு யோசனையே யாருக்கும் கிடையாது. நகராட்சி அலுவலகத்தில் ஒரு தம்பி மிகவும் பணிவாக, தகனத்துக்கு எந்த நேரம் எனக்குச் சௌகரியம் என்று கேட்டார். "வேண்டாம்" என்றேன். சரி, நாளைக்கு மறுநாள் வைத்துக்கொள்ளலாமா என்றார். "வேண்டாம், வேண்டாம்" என்றேன். நான் இன்னும் தள்ளிவைக்கச் சொல்கிறேன் என்று நினைத்து, காலண்டரைத் திருப்பிக்கொண்டே போனார். கடைசியில் தரையைக் காட்டி, மண்ணை அள்ளுகிற மாதிரி சைகை செய்தேன். அவர் பல்லிடுக்கில் மூச்சை இழுத்தார். அவர்கள் அப்படி மூச்சை இழுத்தால் காரியம் நடக்காது என்று அர்த்தம். ஊரிலிருந்து மாமி, காஜாவின் உம்மா, போனில் கதறினார்: "எம் பிள்ளய எரிச்சிராதீய தாயி. ஐஸுல வச்சு எப்பமோ ஒரு நாளு கொண்டாரவும் வேண்டாம். எங்கனயாவது மண்ணுல வச்சிரு. ஒன் கையக் காலப் புடிச்சுக் கேக்கேன்." பெற்றவள் பிள்ளையின் முகத்தைக்கூட வேண்டாம் என்கிறாள், மண் மட்டும் போதும் என்கிறாள். அந்த மண்ணை நான் எங்கே போய்க் கேட்பேன்?

பள்ளிவாசல் இருந்தது, அடக்க இடம் இல்லை. பள்ளிக்கு வரும் இந்தோனேசியக்காரர் ஒருவர், யூசுப் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள், போன் போட்டுப் போட்டுக் குரல் கம்மிப் போனார். ஓர் ஊரில் தண்ணீர் கெட்டுவிடும் என்றார்களாம். இன்னோர் ஊரில் யோசிக்க வருஷக்கணக்கில் அவகாசம் கேட்டார்களாம். கடைசியில் வேறு மாவட்டத்து மலை ஒன்றில், பழைய கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு கபுருக்கு மட்டும் இடம் உண்டு என்று பதில் வந்தது. பக்கத்திலேயே எனக்கும் ஓர் இடம் கேட்கச் சொன்னேன். யூசுப் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "இல்லை" என்றார்.

எங்கள் பக்கத்தில் கபுரில் மையித்தை இறக்கி, மேலே பலகை அடுக்கி, பலகையின்மேல் பாய் விரித்துத்தான் மண் தள்ளுவார்கள். ஹிராயாமா-சானுக்குப் போன் செய்து, கோசா ஒன்று வேண்டும், கணவரோடு மண்ணுக்குள் போவதற்கு என்றேன். கோசா என்பது இவர்களிடம் உள்ள சுருட்டுகிற பாய். வேறு எதுவும் சொல்லவில்லை. அடக்கத்தன்று கிளம்புகிற நேரத்தில் வந்தார். விரல் எல்லாம் பிளாஸ்திரி. கண் வீங்கிப் போயிருந்தது. பாயை இரண்டு கையாலும் நீட்டி, "உங்கள் ஊர் முறைப்படியும் எங்கள் ஊர் முறைப்படியும் செய்திருக்கிறேன்" என்றார். எனக்கு அப்போது எதுவும் காதில் ஏறவில்லை. இந்த நாட்டில் என் கைக்கு வந்த முதல் சுருட்டின பாய் இதற்குத்தானா என்று மட்டும் தோன்றியது.

ஊராக இருந்தால் பெண்பிள்ளைகளைக் கபுரடிக்குக் கூப்பிடமாட்டார்கள். கணவனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தா என்று அறைக்குள் உட்கார்ந்திருப்பேன். இங்கே தூக்கவே ஆள் போதாது, என்னை யார் தடுப்பது? மலையடியில் வண்டியை நிறுத்திவிட்டு ஆண்கள் மையித்தைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பாயோடு நான் வண்டியிலேயே இருந்தேன். சரிபார்க்கலாம் என்று கொஞ்சம் விரித்தேன். சாயக் கோரையை ஊசியில் கோத்து எழுத்து எழுத்தாகத் தைத்திருந்தார். தமிழ் எழுத்து! கல்யாணப் பாயின் படத்தைப் பார்த்து வாப்பாவின் எழுத்தை அப்படியே இறக்கியிருந்தார். ஒரு கால், ஒரு புள்ளி பிசகவில்லை. ஒரு பேர் கறுப்பில், ஒரு பேர் சிவப்பில். அந்தக் கல்லறைத் தோட்டத்து வழக்கம். செத்தவர் கறுப்பு, இருக்கிறவர் சிவப்பு.

அவருக்குத் தமிழ் தெரியாது. இவர்களிடம் கணவன் பேர்தான் முன்னால் வரும். முன்னால் இருப்பது கணவன் பேர் என்று நினைத்து அதைக் கறுப்பில் தைத்துவிட்டார். முன்னால் இருந்தது என் பேர்.

வாப்பா அன்றைக்கு அந்தப் பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால்! ரஹ்மத் கறுப்பில் கிடந்தாள். காஜா சிவப்பில் இருந்தார். யூசுப் அண்ணன் பாயை வாங்க இறங்கி வந்தார். எழுத்தைப் பார்த்ததும் தயங்கி, "கபுருக்குள் பேர் எல்லாம் வைப்பது வழக்கம் இல்லையே, தங்கச்சி. வெறும் பாய் ஒன்று வண்டியில் இருக்கிறது" என்றார். அவர் சொன்னது சரிதான். மார்க்கம் தெரிந்தவர். ஆனால் என் வாயில் வந்தது வேறு. "எழுத்துப் பக்கம் கீழே இருக்கட்டும் அண்ணன். அவர் பக்கம் பார்த்து விரியுங்கள்" என்றேன். அவர் சுருட்டி எடுத்துக்கொண்டு ஏறிப் போனார். அப்புறம் மண் விழுகிற சத்தம் கீழே எனக்குக் கேட்டது.

இன்னும் யாட்சுஷிரோவில்தான் இருக்கிறேன். அதே வீடு, அதே பட்டறை, இப்போது முழுநேரம். போன மாதம் ஹிராயாமா-சான் திடீரென்று முகம் வாடிப்போய் மன்னிப்புக் கேட்டார். "கல்லாக இருந்தால் உங்கள் காலத்துக்குப் பிறகு சிவப்பைச் சுரண்டிவிடலாம். பாயில் அதைச் செய்ய முடியாதே. உங்கள் பேர் சிவப்பாகவே அங்கே இருந்துவிடுமே. நான் யோசிக்கவில்லை" என்றார். "இருந்துவிட்டுப் போகட்டும், நல்லதுதான்" என்றேன். எந்தப் பேர் சிவப்பு என்று அவரிடம் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. யார் சுரண்டினாலும் போகாத சிவப்பில் காஜா அங்கே இருக்கிறார். பாய் மக்கும் வரைக்குமாவது இருப்பார்.

வெள்ளிக்கிழமை தோறும் வாப்பா போன் செய்கிறார். கல்யாணப் பாயைப் பரணிலிருந்து இறக்கி வெயில் காட்டினாராம், ஒரு பூச்சி அரிக்கவில்லையாம். பிறகு அதே கேள்வி. "ஏளா, அங்கன ஒனக்கு இனி யாரு இருக்கா? எப்பம்தான் வருத?" பைய வாரேன் வாப்பா என்று சொல்லிவைக்கிறேன். யார் வருவது? ரஹ்மத்தைத்தான் இங்கே மலையில் வைத்து மண் தள்ளியாகிவிட்டதே.