பனியாற்றின் முன் பொங்கிய தோசை மாவு

1. வாக்குறுதி

பனியாற்றைப் பார்க்காமலேயே ஆறு வருடம் பனியாறு விற்றவன் நான். ஆக்லாந்தில், மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் டிராவல் ஏஜென்சி. அலாஸ்காவில் தனிப் படகு, கண்ணெதிரே பனிச்சுவர், தினமும் தமிழ்ச் சாப்பாடு என்று ஐட்டினரரி, அதாவது பயணத் திட்டம், எழுதியவனும் நானே. சமைப்பது யார் என்று மட்டும் எழுதவில்லை.

மூன்று யாழ்ப்பாணத் தம்பதிகள் புக் செய்தார்கள். எங்கள் முதலாளி மலேசியாக்காரர், மிஸ் லெட்சுமி. என்னைக் கூப்பிட்டார்.

“நீங்கதானே எழுதுனீங்க? நீங்களே போய் சமைங்க லா.”

குழுவின் தலைவி பத்மா அக்கா. அவர் திருப்தியாகத் திரும்பினால் அடுத்த வருடம் இன்னும் நான்கு குழுக்கள். முகம் சுளித்தால், நான் பழையபடி ஈஸ்ட் டாமாக்கி வேர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டலாம்.

2. மாவு

படகில் அரைத்த தோசை மாவு இரண்டு நாளாகியும் அசையவில்லை. அந்தக் குளிரில் நானே அசையவில்லை.

மூன்றாம் நாள் பத்மா அக்கா ரொட்டித் துண்டைத் தூக்கிக் காட்டினார். “தம்பி, ஐஸ் பாக்க வந்தனாங்கள், சரி. அதுக்காக நெடுகலும் பாணோ? தோசை எண்டெல்லோ பேப்பரில போட்டனீங்கள்.”

“நாளைக்குக் கண்டிப்பா அக்கா.”

படகில் வெப்பமான இடம் ஒன்றுதான். அன்று மாலை, பாத்திரத்தை விளிம்பு வரை நிரப்பி, எஞ்சின் அறையில், எஞ்சினுக்கு மேலிருந்த அலமாரித் தட்டில் வைத்தேன். கேப்டனிடம் சொல்லவில்லை. மாவு புளிப்பதை அமெரிக்கருக்கு விளக்கும் ஆங்கிலம் கைவசம் இல்லை.

3. எஞ்சின்

மறுநாள் காலை பனியாற்றை நெருங்கும்போது கேப்டன் திடீரென்று எஞ்சினை நிறுத்தினார். கீழே ஓடினேன். எஞ்சினின் பக்கவாட்டில் வெள்ளையாக ஏதோ வழிந்துகொண்டிருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்தால் பால் போல வெளுக்குமாம். எஞ்சின் போயிற்று என்று முடிவுகட்டி, உதவிப் படகைக் கூப்பிட ரேடியோவைக் கையில் எடுத்திருந்தார் கேப்டன். கூப்பிட்டால் பயணம் அத்தோடு முடிந்தது.

“சார், அது ஆயில் இல்ல.”

“பின்னே என்ன?”

“பிரேக்ஃபாஸ்ட்.”

அவர் என்னைப் பார்த்தார். ரேடியோவை வைத்தார். ஒரு துணியை என் கையில் கொடுத்தார். கடைசிச் சொட்டு துடைக்கும்வரை எஞ்சினைத் தொடமாட்டேன் என்றார்.

அரை மணி நேரம் மண்டியிட்டுத் துடைத்துவிட்டு, ராஜினாமாக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டே மேலே வந்தேன்.

“அக்கா, சாரி...”

“உஷ். கதையாதையுங்கோ. கேளுங்கோ.”

தண்ணீரில் மிதந்த பனித்துண்டுகள், தாளிப்பில் கடுகு வெடிப்பதுபோல, படபடவென்று பொரிந்துகொண்டிருந்தன. எஞ்சின் ஓடியிருந்தால் அது யார் காதிலும் விழுந்திருக்காது. பிறகு தூரத்துச் சுவரிலிருந்து ஒரு பாளம் பிரிந்து விழுந்தது. இடிச்சத்தம் சற்றுப் பிந்தி வந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கையைத் துடைத்துக்கொண்டேன்.

மிஞ்சிய மாவில் ஆளுக்கு இரண்டு தோசை தேறியது.

“நல்லாப் புளிச்சிருக்கு,” என்றார் அக்கா. “கொஞ்சம் டீசல் மணக்குது. பரவாயில்லை.”

நான்கு குழுக்களும் புக் ஆகிவிட்டன. ‘பனியாற்றின் முன் அரை மணி நேரம் எஞ்சின் நிறுத்தப்படும்’ என்று இப்போது ஐட்டினரரியில் இருக்கிறது. யோசனை என்னுடையது என்று மிஸ் லெட்சுமி நம்புகிறார். நான் மறுக்கவில்லை.

புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்வது: மாவுப் பாத்திரத்தில் பாதியைக் காலியாக விடுங்கள். அன்று நான் விட்டிருந்தால் பனியாற்றைப் பார்த்திருப்போம், கேட்டிருக்கமாட்டோம். ஆகவே இந்த அறிவுரையை எவ்வளவு தூரம் பின்பற்றுவது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.