குளிர்ப்பெட்டிக்குச் சுருதி சேர்த்த பியானோ

வெர்னெல் டாலிவர் பகலில் டெட்ராய்ட் கார் தொழிற்சாலையில் இருக்கை உறை தைத்தாள். ஷிப்ட் முடிந்ததும் பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கக் கிளம்பிவிடுவாள். இருபத்தேழு வருஷம் இரண்டு வேலையும் சேர்ந்தே ஓடின. சுருதி சேர்ப்பதைத் தபால் வழியில் படித்தாள். பதினாறு பாடங்களில் ஏழாவது வழியில் தொலைந்துபோயிற்று. மறுபடி அனுப்பச் சொல்லிக் காத்திருக்காமல், அந்தப் பகுதியை ஒரு பழைய பியானோவைப் பிரித்துப் போட்டுத் தானே கண்டுபிடித்துக்கொண்டாள்.

முதல் முறை அவளைப் பார்த்த தேவாலயப் பெரியவர் ஒருவர், "பொம்பளையா அனுப்பியிருக்காங்க?" என்று முகத்தைச் சுளித்தார்.

"பியானோ ஒண்ணும் ஆட்சேபம் சொல்லலையே ஐயா. நீங்க கொஞ்சம் நகர்ந்தா அதைத் திறந்துடுவேன்."

அந்தத் தேவாலயத்துக்கு அவள் இப்போதும் போகிறாள். வயது எழுபது. காது மட்டும் அன்று போலவே இருக்கிறது. அதை அவளே சொல்லுவாள், கூச்சப்படாமல்.

அறுபதுகளில் அவளை அதிகம் வேலை வாங்கியது காப்பர் ரூம் என்ற ஜாஸ் கிளப்பின் பியானோ. தந்திகளை இறுக்கிப் பிடிக்கும் முளைகள் அடிக்கப்பட்ட பலகையில் நீளமாக ஒரு விரிசல். உலகம் முழுக்கப் பியானோவுக்கென்று வைத்திருக்கிற சுருதிக்கு ஏற்றினால், மறுநாளே முளைகள் நழுவிவிடும். வேறு பியானோ வாங்கச் சொன்னாள். முதலாளி ஓடெல் கிரென்ஷா காது கேட்காதவர் மாதிரி கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவள் கால் ஸ்வரம் இறக்கிப் பார்த்தாள். பியானோ அசையாமல் நின்றது.

இன்னொரு தொல்லையும் இருந்தது. மேடைக்குப் பக்கத்தில், மதுக் கவுண்டரை ஒட்டி இருந்த பீர் குளிர்ப்பெட்டி ஓயாமல் ரீங்காரம் போடும். பியானோவின் கீழ்க்கோடியில் இருக்கும் 'பி' என்ற ஸ்வரத்தின் கட்டையோடு அது மல்லுக்கு நிற்கும்.

"ஓடெல், ஒரு மணி நேரம் அதை நிறுத்தி வையேன்."

"பீர் சூடாயிட்டா உன் சுருதியையா ஊத்திக் கொடுக்கிறது?"

வெர்னெல் பி கட்டையைக் குளிர்ப்பெட்டியின் ரீங்காரத்தோடேயே சேர்த்தாள். இரண்டும் ஒன்றாகிப் போனதும் அறையில் இரைச்சலே இல்லாதது போலாயிற்று. மற்றக் கட்டைகளை அதற்கு ஏற்ப அமைத்தாள். தபால் பாடம் எதிலும் இது கிடையாது. சாக்ஸஃபோன்காரர்கள் அந்தப் பியானோவோடு சேர முடியாமல் அவளைத் திட்டித் தீர்த்தார்கள். அதனால் ஓடெல் பியானோ, பாஸ், டிரம்ஸ் என்று மூன்று பேரை மட்டுமே மேடையேற்றினார்.

அப்படி வந்தவர்தான் லூஷியஸ் பெட்வே. நியூயார்க்கிலும் பாரிஸிலும் கூட்டம் அலைமோதிய பெயர். 1964 பிப்ரவரியில் பதினோரு நாள் காப்பர் ரூமில் வாசித்தார். அவருடைய பெருமையே நிதானம்தான். அடுத்த ஸ்வரம் வராது போலிருக்கிறது என்று கேட்பவர் கைவிடும் நேரத்தில் அதைக் கொண்டுவந்து வைப்பார்.

ஓடெல் மதுக் கவுண்டருக்கு அடியில், குளிர்ப்பெட்டியை ஒட்டி, ஒரு டேப் ரெக்கார்டர் வைத்திருந்தது யாருக்கும் தெரியாது. முப்பத்துநாலு வருஷம் கழித்து அவர் தங்கை மகளின் கார் ஷெட்டில் டேப்கள் கிடைத்தன. பெட்டியின்மேல் 'ஞாயிறு பிரசங்கங்கள்' என்று எழுதியிருந்தது. எந்தத் திருடனும் தொடமாட்டான் என்ற தைரியம்.

லூஷியஸின் மகள் இமோஜினுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஒரு கம்பெனி டேப்களை ரெக்கார்டாக வெளியிட முன்வந்தது. அவள் கையெழுத்துப் போட்டால் மறுநாள் காலை அச்சுக்குப் போய்விடும். அந்த அறையை அறிந்தவர்களில் வெர்னெல் ஒருத்திதான் மிச்சம் என்பதால், கேட்டுப் பார்க்க அவளையும் ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டிருந்தாள். வியாழக்கிழமை மதியம் வெர்னெல் தொப்பியோடு வந்து உட்கார்ந்தாள். டேப்களைச் சீர்செய்த டேரன், நாற்பது ரெக்கார்டுக்கு வேலை பார்த்தவன், மரியாதையான பையன், முதல் பாட்டை ஓடவிட்டான்.

பாட்டு பாதி ஓடுவதற்குள் வெர்னெல் கையைத் தூக்கினாள்.

"நிறுத்து தம்பி. இது வேகமா ஓடுது."

"இல்ல மிஸ் வெர்னெல். டேப் வந்தப்ப மெதுவாத்தான் ஓடுச்சு. வேகம் குறைஞ்சா சுருதியும் இறங்கும்; அதனால பியானோ சுருதியை அளந்து, அது உலகச் சுருதிக்கு வர்ற வரைக்கும் நான்தான் வேகத்தை ஏத்தினேன். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க."

"எல்லாருடைய பியானோவுக்கும் அது சரி. இதுக்கு நான் சுருதி சேர்த்தேன். கால் ஸ்வரம் கீழே."

"முப்பத்துநாலு வருஷம் ஆச்சே..."

"உனக்குப் பல் முளைக்கிறதுக்கு முந்தி ஆன வருஷத்தை எனக்கு எண்ணிக் காட்டாதே, கண்ணு."

டேரன் சிரித்துவிட்டான். இமோஜின் சிரிக்கவில்லை.

"ஆன்ட்டி, எனக்கு இது பிடிச்சிருக்கு. அந்தக் குளிர்காலத்துல அப்பாவுக்கு உடம்பு சரியில்ல. பத்திரிகையில எழுதினவங்க எல்லாரும் கை தளர்ந்துபோச்சுன்னு எழுதினாங்க. இதுல இளமையாத் தெரியறாரு. இப்படியே இருக்கட்டுமே."

"உங்க அப்பா இளமையா இருந்தப்பவே அவசரப்பட்டதில்ல. பஸ்ஸே கிளம்பிட்டாலும் ஓடமாட்டாரு. யாரோ ஒருத்தர் கையை அவர் கைன்னு விக்கப் போறியா?"

"உங்களுக்கு ஞாபகம் இருக்கு. மத்தவங்களுக்கு ஆதாரம் வேணும்ல?"

"கேட்டியே, அது நல்ல கேள்வி." வெர்னெல் டேரன் பக்கம் திரும்பினாள். "பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல ஒரு ரீங்காரம் இருந்திருக்குமே?"

"இருந்துச்சு. கரண்ட் இரைச்சல். முதல் வேலையா அதைத்தான் வடிகட்டினேன்."

"அது ஓடெலோட குளிர்ப்பெட்டி, அதுதான் என் சாட்சி. திரும்பக் கொண்டா."

அவன் வடிகட்டாத டேப்பை, ஏற்றி வைத்த அதே வேகத்தில், ஓடவிட்டான். கைதட்டல் அடங்கியதும் அடியில் ரீங்காரம் கேட்டது. வெர்னெல் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். நடைபாதையில் சோடா விற்கும் எந்திரம் ஒன்று இரைந்துகொண்டிருந்தது.

"ரெண்டையும் சேர்த்துக் கேளு."

டேப்பின் ரீங்காரமும் எந்திரத்தின் ரீங்காரமும் மோதிக்கொண்டு, நொடிக்கு ஏறக்குறைய இரண்டு தடவை அலையாக ஏறி இறங்கின. சுருதி சேர்ப்பவர்களின் பிழைப்பே அந்த அலையை எண்ணுவதில் இருக்கிறது. டேரனுக்கும் அது கேட்டது. அவன் முகம் மெல்ல மாறியது.

"குளிர்ப்பெட்டியோ சோடா எந்திரமோ, கரண்ட் அதிர்ற கணக்குலதான் இரையும். இந்த ஊர்க் கரண்ட் நொடிக்கு எத்தனை தடவை அதிரும்?" என்று கேட்டாள் வெர்னெல்.

"அறுபது," என்றான் டேரன். உடனே அதிர்வை அளக்கும் கருவியைப் பார்த்தான். "இங்க அறுபத்திரண்டு காட்டுது, கிட்டத்தட்ட."

"லூஷியஸுக்காக மின்சாரக் கம்பெனி தனியா ஏத்தி விட்டிருப்பாங்களா?"

அவன் வேகத்தைக் குறைக்கும் குமிழைத் திருகினான். அலை மெதுவாகியது. இன்னும் மெதுவாகியது. பிறகு இல்லாமலே போயிற்று. டேப்பும் சோடா எந்திரமும் ஒரே குரலில் இரைந்தன.

"எந்த வேகத்துல வந்து நிக்குது?" என்று கேட்டாள் இமோஜின்.

"டேப் என் கைக்கு வந்தப்ப இருந்த வேகம்," என்றான் டேரன். "நான் தொடாமலே விட்டிருக்கணும்."

பாட்டு தொடங்குமுன் லூஷியஸ் மைக்கில் ஏதோ சொல்வது கேட்டது. அடுத்த பாட்டு வீட்டில் இருக்கிற தன் குட்டிக்கு, அவள் இந்நேரம் தூங்கியிருக்க வேண்டும், தூங்கியிருக்கமாட்டாள் என்றார். கூட்டம் சிரித்தது. வேகம் ஏற்றியபோது யாரோ இளைஞனுடையது போலிருந்த குரல், இப்போது கனமாக, இழுத்து இழுத்து வந்தது. இமோஜின் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பியானோ வந்தது. தளர்ச்சி எதுவும் இல்லை. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முன்னால் அவர் காத்திருந்தார், அவ்வளவுதான். காத்திருக்கத் தெம்பு இருந்தது.

"கை தளர்ந்துபோச்சுன்னு எழுதினாங்களே," என்றாள் இமோஜின்.

"எழுதினவனுக்குப் பொறுமை இல்ல."

இமோஜின் கையெழுத்துப் போடவேண்டிய தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். டேரனிடம் மொத்த டேப்பையும் இந்த வேகத்தில் மறுபடி செய்யச் சொன்னாள். கம்பெனி ஒரு வாரம் பொறுக்காது என்றால் வேறு கம்பெனி பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள். டேரன் தலையாட்டினான். ரீங்காரத்தை முழுக்க வடிகட்டிவிடட்டுமா என்று, இந்த முறை வெர்னெலைப் பார்த்துக் கேட்டான்.

அவள் காதில் அது விழவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று நெற்றியைச் சுருக்கினாள்.

"என்ன ஆன்ட்டி, இன்னும் தப்பா ஓடுதா?"

"ஓட்டம் சரி. மேல் வரிசையில ஒரு தந்தி இறங்கியிருக்கு. ரெண்டாவது தடவை மேடையேறுறதுக்குள்ள நழுவிட்டிருக்கு. பதினோரு நாள் வாசிச்ச மனுஷன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"