ஊஞ்சல் கேட்காத தெரு

பாலியல் குற்றத்துக்காகச் சிறை போய்த் திரும்பியவர்களைக் கண்காணிப்பதுதான் வெர்லா ஸ்டுக்கரின் வேலை. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், சுற்றிலும் சோளக்காடு உள்ள எங்கள் ஊரில் அவருடைய சிரிப்புச் சத்தம் மூன்று கடை தள்ளியும் கேட்கும். சொல்லாமல் கொள்ளாமல் அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்பார். ஆள் குடித்திருக்கிறானா, வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று பார்ப்பார்.

பள்ளிகளுக்கு இரண்டாயிரம் அடிக்குள் இவர்கள் குடியிருக்கக் கூடாது என்றது மாநிலச் சட்டம். எங்கள் நகரமன்றம் பூங்காக்களையும் சேர்த்துக்கொண்டது. வெர்லாவும் கைதட்டினார். உடனே இவர்களைத் தள்ளிவைக்கவே தெருவுக்குத் தெரு பூங்கா முளைத்தது. காலி மனையில் ஓர் ஊஞ்சல், ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான். வாடகைக்குக் கிடைத்த வீடுகளெல்லாம் தடைக்குள் வந்துவிட்டன. வெர்லா கண்காணித்த ஆட்கள் காரில் படுத்தார்கள். சிலர் எங்கே என்றே தெரியவில்லை. வெர்லாவின் சிரிப்பும் குறைந்தது.

கடைசியில் தடை எட்டாமல் மிஞ்சியது மேயர் கோர்டன் டிபெட்ஸின் தெரு. பிள்ளைகள் கூச்சல் வேண்டாமென்று ஊஞ்சலே கேட்காத பணக்காரத் தெரு. அங்கே ஒரு மாடியறையில் வெர்லாவின் ஆள் லைல் குடியேறினான். அடுத்த நகரமன்றக் கூட்டத்திலேயே மேயர் தன் தெருவுக்கும் ஊஞ்சல் கேட்டார்.

வெர்லா எழுந்தார். “வைங்க கோர்டன். நீங்கதான் ஆடணும். உங்க தெருவுல சின்னப் பிள்ளையே கிடையாது.”

மன்றம் சிரித்தது. மேயருக்கு முகம் சிவந்தது. “அந்த ஆளு எங்கயாவது போகட்டும். எனக்கென்ன?”

“அந்த எங்கயாவதுதான் என் கவலை. இன்னிக்கு அவன் எங்க தூங்குறான்னு எனக்குத் தெரியும். நீங்க ஊஞ்சல் வச்சா தெரியாது. பூங்காத் தடைய எடுத்துடுங்க. பூங்காவுல வந்து நின்னா மட்டும் பிடிப்போம்.”

ஜோலின் கிரம் பேசக் கை தூக்கினார். முதல் பூங்கா கேட்டு ஊராரிடம் கையெழுத்து வாங்கியவரே அவர்தான். வெர்லாவுக்குத் திட்டு விழப்போகிறது என்று எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

“எனக்கு நடந்தது எங்க வீட்டுக்குள்ள,” என்றார் ஜோலின். “எங்க மாமா. ஞாயித்துக்கிழமை எங்களோட சாப்பிட உக்காருவாரு. அவர எத்தன அடி தள்ளி வச்சிருப்பீங்க? அப்ப வெர்லா மாதிரி ஒருத்தி திடுதிப்புனு வந்து நின்னிருந்தா... அவ கேக்குறத குடுத்துடுங்க.”

பூங்காத் தடை போயிற்று. வாக்கெடுப்பில் கடைசியாக உயர்ந்த கை மேயருடையது. “என் தெருவுல மட்டும் இல்லாம எல்லாத் தெருவுலயும் இருப்பானுங்க, அதுவும் நியாயந்தான்,” என்றதும் வெர்லாவே விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆட்கள் ஒவ்வொருவராக வாடகைக்கு வீடு பிடித்தார்கள். ஒரு காலை, நெடுநாள் காணாமலிருந்த ஒருவன் வாயில் பல்துலக்கியோடு கதவைத் திறந்தான்.

“விடிஞ்சதும் விடியாததுமாவா, வெர்லா?”

“ஆமாடா. நீ வீட்ல இருக்கறதப் பாக்க எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா! தள்ளு, ஃபிரிட்ஜுல பீர் இருக்கான்னு பாக்கணும்.”