அடிப்பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு

ஜெபசெல்வியிடம் யாராவது சிரித்துப் பேசினால் போதும், அன்றைக்கு முழுக்க அவளுக்கு நிம்மதி இருக்காது. எதற்குச் சிரித்தான் என்று யோசித்துக்கொண்டே இருப்பாள். பால்காரர் மேல் சந்தேகம், சிலிண்டர் கொண்டுவருகிறவர் மேல் சந்தேகம். சொந்த ஊரான நாசரேத்தில் ஊரே கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையில்கூட, பரிமாறுகிறவர் யாருக்காவது கறியை ஒதுக்கி வைத்திருக்கிறாரா என்று சட்டியின் அடிவரை எட்டிப் பார்ப்பாள். அவள் கணவர் ஜாபேஸ் பள்ளிக்கூட வாத்தியார். "இவளுக்கு ஞானஸ்நானம் குடுக்கும்போதே, குருவானவர் ஊத்துனது நல்ல தண்ணிதானான்னு பாத்திருப்பா" என்பார். அவருடைய சட்டைப் பை படும் பாட்டைச் சொல்லவே வேண்டாம்.

இப்படிப்பட்டவளைத் தூத்துக்குடியில் ஒரு கண்டெய்னர் கம்பெனி ஆபீஸ் மானேஜராகப் பிடித்துப் போட்டதில் ஆச்சரியமில்லை. சாமான்கள், சாவிகள் எல்லாம் அவள் பொறுப்பு. கம்ப்யூட்டரைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது, எது எந்த மேசையில் இருக்கிறது என்பது மட்டும்தான். அதில் தப்பு வராது.

ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் தலைமையான சர்வர் இந்த வருஷம் நடை தளர்ந்துவிட்டது. கேட்டில் ஒரு லாரிக்குப் பாஸ் அடிப்பதற்குள் டிரைவர் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். பெட்டியை மாற்ற வேண்டாம், உள்ளே இருக்கும் பிராசஸர்களையும் மெமரிகளையும் மட்டும் மாற்றினால் போதும் என்று முடிவானது. கூரியரில் வந்த புது மெமரிகளை ஜெபசெல்வி கையில் எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றும் ஒரு சின்னச் சீப்பு அளவுதான். சட்டைப் பைக்குள் போட்டால் வெளியே தெரியாது.

நாசரேத் போர்டிங்கில் அவளோடு படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தட்டோ டம்ளரோ வாளியோ, எதுவானாலும் அடிப்பக்கத்தில் நெயில் பாலிஷால் ஓர் அடையாளம் வைத்துவிடுவார்கள். மேலே வைத்தால் திருடுகிறவள் சுரண்டிவிடுவாள். அடியை யாரும் பார்ப்பதில்லை. ஜெபசெல்வி கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு மெமரிக்கும் கீழ்விளிம்பில், தங்க நிறத்தில் பல்வரிசை மாதிரி இருந்ததே அதற்குப் பக்கத்தில், ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள். ஊதிக் காயவைத்து, பீரோவில் வைத்துப் பூட்டினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மாற்ற வந்தவன் ஃபிராங்க்ளின். புன்னைக்காயல்காரன், மீன் பிடிக்கிற வீட்டுப் பையன். நல்லக்கண்ணு அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் கடையில் புதிதாகச் சேர்ந்தவன். வந்ததும் வராததுமாக அவளைப் பார்த்துச் சிரித்தான். அதோடு அவள் நிம்மதி போயிற்று.

அவன் சர்வரை நிறுத்தி மூடியைத் திறந்தான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். அவன் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, அதன் வயரை இரும்புச் சட்டத்தில் மாட்டினான்.

"அது எதுக்கு?"

"நம்ம உடம்புல இருக்க கரண்ட் இதுல பாஞ்சிரக் கூடாதுல்லா மேடம்."

உடம்பில் கரண்ட்டாம். காதில் பூ வைக்கப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். புது பிராசஸரைப் பதித்து, அதன் தலையில் சாம்பல் நிறப் பசையைப் பிதுக்கி மூடினான். மூடிவிட்டால் உள்ளே இருப்பது எது என்று யாருக்குத் தெரியும்? மெமரிகளைச் செருகிக்கொண்டிருந்தபோது, "வண்டியில ஒரு சாமான் இருக்கு, எடுத்துட்டு வாரேன்" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போய் வந்தான். சாமான் எடுக்கப் போகிறவனுக்குப் பை எதற்கு என்று அவள் மனசு அரித்தது.

சுவிட்சைப் போட்டதும் காற்றாடிகள் இரைந்தன. கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஃபிராங்க்ளின் மெமரிகளை இடம் மாற்றி மாற்றிப் பார்த்தான். வெளியே லாரிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.

"மேடம், இதுல ஒண்ணு செத்துருக்கு. எந்த எடத்துல போட்டாலும் எடுக்க மாட்டேங்கு."

புதுசு எப்படிச் சாகும்? எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று நல்லதை எடுத்துக்கொண்டு கெட்டதைச் செருகியிருக்கிறான். நேரே கேட்டால் உஷாராகிவிடுவான். அவள் வராண்டாவுக்குப் போய் நல்லக்கண்ணுவுக்குப் போன் போட்டாள்.

"அண்ணாச்சி, உங்க ஆளு சாமான மாத்திட்டான். நான் கண்ணால பாத்தேன்."

அவள் கண்ணால் பார்த்தது பையை மட்டும்தான். கோபத்தில் வாய் முந்திக்கொண்டது.

"அப்படியா சேதி? இனிமே அவன் என் கடைப்படி ஏற வேண்டாம். நீங்க மனசுல வச்சுக்கிடாதிய மேடம்" என்று நல்லக்கண்ணு போனை வைத்துவிட்டார்.

உள்ளே வந்து, எல்லாவற்றையும் கழற்றி மேசையில் வைக்கச் சொன்னாள். குனிந்து ஒவ்வொன்றின் அடியையும் பார்த்தாள். ஒன்றில் பொட்டு இல்லாவிட்டாலும் ஆள் அகப்பட்டான். எல்லாவற்றிலும் பொட்டு இருந்தது. செத்ததாக அவன் சொன்னதிலும் இருந்தது. அதில் மட்டும் சிவப்பு வழிந்து, தங்கப் பற்களில் சிலவற்றை மூடிவிட்டிருந்தது.

ஃபிராங்க்ளினும் கவனித்துவிட்டான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். "கம்பெனிக்காரன் வச்ச அடையாளம்னுல்லா நெனச்சேன். இது நெயில் பாலிஷா மேடம்?"

"நான்தான் வச்சேன்."

எதற்கு என்று அவன் கேட்கவில்லை. ஏதோ ஒரு மருந்தில் துணியை நனைத்துப் பொறுமையாகத் துடைத்து எடுத்தான். திரும்பச் செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. கேட்டில் லாரிகள் நகர்ந்தன. அப்போது அவன் போன் அடித்தது, நல்லக்கண்ணு அண்ணாச்சி. எடுத்துக் கேட்டான். முகம் கறுத்துப்போயிற்று.

"கடலுக்குப் போவ மாட்டேன்னு அப்பாட்ட சண்ட போட்டுச் சேந்த வேல மேடம்" என்றான்.

ஜெபசெல்விக்கு அவமானமாகப் போயிற்று. அவன் எதிரிலேயே நல்லக்கண்ணுவை மறுபடியும் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, தப்பு என் மேல. சாமான் ஒண்ணும் மாறல. நான் அடையாளம் வச்சதுல வந்த கோளாறு."

நல்லக்கண்ணு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவன் பக்கத்துல நின்னு இப்படிச் சொல்லச் சொல்லுதானா மேடம்?"

"இல்ல அண்ணாச்சி. சத்தியமா அவன் நல்லவன்."

"கண்ணால பாத்தேன்னு சொன்னிய. இப்பம் நல்லவன்னு சொல்லுதிய. இன்னைக்குத்தான அவன மொத மொதல்ல பாக்குதிய, நல்லவன்னு எப்படித் தெரியும்?"

அவன் திருடிவிட்டான் என்று சொன்னபோது அண்ணாச்சி இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.