பித்தப்பைக் கல்லோடு கொக்கிலமேட்டுக்கு ஒரு விருந்துப் பயணம்

கடந்த பிப்ரவரியில், தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ஊரப்பாக்கத்திலிருந்து மாமல்லபுரத்தை அடுத்த கொக்கிலமேட்டுக்குப் போய்வந்தேன். "போய்வந்தேன்" என்பது முழு உண்மையல்ல. போனேன். திரும்பி வீட்டுக்கு வர ஆறு நாள் ஆயிற்று. என் பள்ளித் தோழி பிலோமினாவின் புது வீட்டு மந்திரிப்பு அது, பாதிரியார் வந்து ஜெபித்து நடத்தும் கிரகப்பிரவேசம். கான்வென்ட் விடுதியில் ஏழு வருடம் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர்கள் நாங்கள். அவள் அழைத்தால் நான் போயாக வேண்டும்.

போகக்கூடாது என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. ஜனவரியில் எடுத்த ஸ்கேனில் என் பித்தப்பையில் கற்கள் தெரிந்தன. கொழுப்பு குடலுக்கு வந்ததும் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை அனுப்பும், அந்த நேரத்தில் ஒரு கல் வழியை அடைத்துக்கொண்டால் வலி வரும் என்று மருத்துவர் படம் வரைந்து காட்டினார். காய்ச்சல் வந்து கண்ணும் மஞ்சளானால் உயிருக்கே ஆபத்து. "சீக்கிரம் எடுத்துடலாம் மேடம். அதுவரைக்கும் நெய், கறிக்கொழுப்பு, பொரிச்சது எதுவும் வேண்டாம்" என்றார். ஈஸ்டர் முடியட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். ஈஸ்டருக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆறு வருடத்துக்கு முன் என் கணவர் ஒரு சிறிய அறுவைக்கென்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்து போனார். செருப்பை மட்டும்தான் நான் எடுத்து வந்தேன்.

இந்தத் தளத்தைப் படிப்பவர்களுக்கு இந்த ஓய்வுபெற்ற ஆசிரியையைத் தெரியும். ஆட்டுக்கறியில் கொழுப்பை ஒதுக்கி வைப்பவர்களை நான் கேலி செய்து எழுதியிருக்கிறேன். மிளகுக்கறியை அதன் கொழுப்பிலேயே வதக்க வேண்டும், முட்டையைப் பன்றிக்கொழுப்பில் பொரித்தால் ஓரம் மொறுமொறுப்பாக வரும், பருப்புச் சோற்றுக்கு ஒரு தேக்கரண்டி உருக்கிய நெய் போதும், அதற்குக் குறையவும் கூடாது என்றெல்லாம் அளவோடு எழுதியவள் நான். கொழுப்பே விஷம் என்றும், கொழுப்பை டம்ளரில் ஊற்றிக் குடித்தால் எல்லா நோயும் போகும் என்றும் எனக்கு வீடியோ அனுப்புகிறவர்கள் உண்டு. இரு தரப்புக்கும் நான் பதில் போடுவதில்லை. அப்படிப்பட்டவள் விருந்து வீட்டில் "எனக்குக் கொழுப்பு ஆகாது" என்று எப்படிச் சொல்வது? மீனும் ரசமும் போதும் என்று சமாளித்துவிடலாம் என்று திட்டமிட்டேன். கடற்கரை வீடு. மீன் இல்லாமலா போகும்?

காலை 7.40 மின்சார ரயில். செங்கல்பட்டுக்குப் பத்து ரூபாய். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்காது, ஜன்னல் இடம் கிடைக்கும். சிங்கப்பெருமாள் கோயிலில் ஏறிய ஒரு குடும்பம் எதிரில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தது. நெய் மணம் வீசியது, வெண்பொங்கல். எனக்கு வலது விலா எலும்புக்குக் கீழே ஏதோ அசைவதுபோல் இருந்தது. மணத்துக்கெல்லாம் பித்தப்பை சுருங்காது என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே எழுந்து போய்க் கதவுப் பக்கம் நின்றேன். கொளவாய் ஏரி நிரம்பியிருந்தது. மற்ற நாளாக இருந்தால் படம் எடுத்திருப்பேன்.

செங்கல்பட்டு பேருந்து நிலையத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். பேருந்தில் ஒரு மணி நேரம். சாலை நன்றாக இருக்கிறது, ஆனால் திருக்கழுக்குன்றம் ஊருக்குள் நெரிசல். பார்க்க வேண்டியதையெல்லாம் விட்டுவிட்டு நான் மருத்துவமனைப் பலகைகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். செங்கல்பட்டில் நிறைய. அப்புறம் குறைந்துகொண்டே வந்தன. வயல்வெளி வந்ததும் பலகையே இல்லை. வலி வந்தால் இந்தச் சாலையில்தான் திரும்பி வர வேண்டும், எத்தனை வேகத்தடை என்று கவனித்து வைத்தேன். பயம் வந்துவிட்டால் மனிதர் ஊரைப் பார்க்கும் கண்ணே மாறிவிடுகிறது.

மாமல்லபுரத்தில் ஆட்டோ பிடித்தேன். கொக்கிலமேடு நான்கு கிலோமீட்டர் தெற்கே, நூற்றைம்பது ரூபாய். பேரம் பேசினால் நூற்றிருபதுக்கு வருவார்கள்.

"இன்னா பாட்டி, தனியாவா வந்துகினுகீற?" என்றார் ஓட்டுநர்.

"பாட்டி இல்லை. மேடம்."

"சரி மேடம் பாட்டி, குந்து."

பிலோமினாவின் வீடு கடலுக்கு நேராக இல்லை. சவுக்குத் தோப்புக்குப் பின்னால், அலைச் சத்தம் மட்டும் கேட்கும் தூரத்தில் இருக்கிறது. பங்குச் சாமியார் வீட்டை மந்திரித்துவிட்டுக் கிளம்பியிருந்தார். கொல்லையில் அவள் மருமகள் மேரி விறகடுப்பில் பன்றிக்கறி வைத்திருந்தாள். அதற்கு எண்ணெய் ஊற்றமாட்டார்கள். முந்தின நாளே கொழுப்பைத் துண்டு துண்டாக நறுக்கி, அடிபிடிக்காமலிருக்கக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, சிறு தீயில் உருக்கி வடித்துவிடுவார்கள். தண்ணீர் வற்றி, சத்தம் அடங்கி, கொழுப்பு கண்ணாடிபோல் தெளிந்த பிறகுதான் இறக்க வேண்டும். சூடாக இருக்கும்போது அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் முகத்தில் தெறிக்கும். மேரி முறையாகத்தான் செய்திருந்தாள். ஜாடியில் முக்கால்வாசி, ஆறி வெள்ளையாக உறைந்திருந்தது.

"சாயந்திரத்துக்குள்ள இத்தக் காலி பண்ணணும்" என்று பிலோமினா ஜாடியைக் காட்டினாள். புதன்கிழமை சாம்பல் புதன். அதன்பின் நாற்பது நாள் அந்த வீட்டில் கறி கிடையாது, கொழுப்பும் இருக்கக்கூடாது. அவள் மாமியார் காலத்திலிருந்து வரும் வழக்கம். அதனால் தவக்காலத்துக்கு முந்தைய விருந்தில் எதைத் தாளித்தாலும் எதைப் பொரித்தாலும் அந்த ஜாடியிலிருந்துதான். இது எனக்குத் தெரியாத வழக்கமல்ல. ஆனால் அப்போது என் எண்ணமெல்லாம் கறிச்சட்டியை எப்படித் தவிர்ப்பது என்பதிலேயே இருந்தது.

பன்னிரண்டரைக்குப் பந்தி. நான் மீனும் ரசமும் மட்டும் கேட்டேன்.

"இன்னாடி ஸ்டெல்லா, துறவறமா? பன்னிக்கறின்னா மொத ஆளா தட்டத் தூக்கிகினு ஓடி வருவியே!"

"வயசாச்சு. மீன் போதும்."

"அவங்க மீன் சாப்பிடட்டும் அத்த" என்றாள் மேரி. அவள் முகத்தில் ஒரு குறும்புச் சிரிப்பு இருந்தது. வஞ்சிர மீன் துண்டுகள் இரண்டை என் இலையில் வைத்தாள். பொன்னிறம், விளிம்பு கெடாமல், எண்ணெய் ஒட்டாமல். ஒரு விள்ளல் வாயில் போட்டதும் தெரிந்துவிட்டது. கடலை எண்ணெயில் அந்த மொறுமொறுப்பு வராது.

"எதில் பொரித்தாய்?" என்றேன்.

"உங்க பிளாக்ல போட்டிருந்தீங்களே ஆன்ட்டி. முட்டைக்குச் சொன்னீங்க, நான் மீனுக்குப் போட்டுப் பாத்தேன். எப்படிக் கீது?"

பந்தியில் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். துப்பியிருக்கலாம். "வேண்டாம்மா, எனக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்ல இரண்டே விநாடி போதும். நான் சொன்னது, "மாவு கொஞ்சம் குறைத்திருக்கலாம். மற்றபடி சரியாக இருக்கிறது." சொல்லிவிட்டு இரண்டு துண்டையும் முழுதாகத் தின்றேன். ரசமும் அதே கொழுப்பில் தாளித்ததுதான்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. எல்லோரும் பாய் விரித்துப் படுத்தார்கள். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. தப்பித்துவிட்டேன் என்று நினைத்துத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது வந்தது. விலாவுக்குக் கீழே யாரோ கையை விட்டுப் பிடித்து மெல்லத் திருகுவதுபோல். வலது தோள்பட்டை வரை ஏறியது. கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன், சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு. வியர்வையில் புடவை ஒட்டிக்கொண்டது. கண்ணாடியில் இமையை விலக்கிக் கண் மஞ்சளாகிவிட்டதா என்று பார்த்தேன். பல்பின் வெளிச்சமே மஞ்சள். எதுவும் தெரியவில்லை. அந்த நிமிடத்தில்தான் நிஜமாகப் பயந்தேன். சாவதற்கல்ல. பூட்டிய கழிப்பறைக்குள், யாருக்கும் தெரியாமல், குழாய் ஓடிக்கொண்டிருக்கும்போது சாவதற்கு.

தாழ்ப்பாளைத் திறந்து, "பிலோமி" என்று கூப்பிட்டேன். பள்ளியை விட்ட பிறகு அந்தப் பெயரில் அவளை நான் கூப்பிட்டதேயில்லை.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவள் என் முகத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கல்ல வயித்துல வெச்சிகினு வந்து குந்தி, மாவு ஜாஸ்தின்னு மார்க் போட்டுகினுகீற! பெருமை புடிச்சவளே! டேவிட்டு, வண்டிய எடுறா!"

அவள் மகன் டேவிட் சுற்றுலா வண்டி ஓட்டுகிறவன். பின்னிருக்கையில் பிலோமினாவின் மடியில் தலை வைத்துப் படுத்தேன். காலையில் எண்ணி வைத்த வேகத்தடை ஒவ்வொன்றும் வயிற்றில் தெரிந்தது.

"பெரியம்மா, பேசிகினே வாங்க. தூங்காதீங்க" என்றான் டேவிட்.

"மெதுவாகப் போ."

"மெதுவா போனா லேட்டாவும், வேகமா போனா குலுங்கும். இன்னா செய்ய?"

"சரியாகப் போ."

"பாத்தியாம்மா, இன்னும் டீச்சரம்மாதான்" என்றான். பிலோமினா என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபமாலை சொல்லத் தொடங்கினாள். சாவு வீட்டில் சொல்லும் துக்க ஜெபத்தில் ஆரம்பிக்காதே என்றேன். "வாய மூடிகினு வா" என்றாள்.

நாற்பது நிமிடத்தில் செங்கல்பட்டு. அவசரப் பிரிவில் இளம் மருத்துவர் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். "மீன்" என்றேன். "எதுல பொரிச்சதுன்னு சொல்லுடி" என்று பிலோமினா பின்னாலிருந்து கத்தினாள். சொன்னேன். அன்றே வலியை அடக்கினார்கள். கல் பித்தக்குழாய்க்குள் இறங்கவில்லை, ஆனால் இனித் தள்ளிப்போடக்கூடாது என்றார்கள். புதன்கிழமை காலை அறுவை.

அன்று காலை ஆறு மணிப் பூசை முடிந்து பிலோமினா நேராக மருத்துவமனைக்கு வந்தாள், நெற்றியில் பெரிய சாம்பல் சிலுவையோடு. மனிதன் மண் என்று நினைவூட்டத்தான் அதைப் பூசுகிறார்கள்.

"அதைத் துடைத்துவிட்டு வா" என்றேன்.

"சாமியார் பூசினது. நீ வேணும்னா கண்ண மூடிக்க."

என் செருப்பை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதற்கு மேல் அவளைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கண்ணை மூடிக்கொண்டேதான் உள்ளே போனேன். வெளியே வந்ததும் கேட்டது அவள் குரலைத்தான், செவிலியரோடு டீயைப் பற்றிச் சண்டை.

இனி இதே வழியில் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பிப்ரவரி நல்ல மாதம், காற்று இதமாக இருக்கும். செங்கல்பட்டிலிருந்து காலை ஒன்பதுக்குள் பேருந்து ஏறிவிடுங்கள், பிறகு வெயில். மந்திரிப்பு, கல்யாணம் என்று விருந்துக்குப் போனால், உங்களுக்கு எது ஆகாது என்பதை அழைப்பு வந்த அன்றே போனில் சொல்லிவிடுங்கள். பந்தியில் உட்கார்ந்தபின் சொல்வது கஷ்டம். மீன்தானே, ரசம்தானே என்று நம்பாதீர்கள், எதில் பொரித்தது, எதில் தாளித்தது என்று கேளுங்கள். சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே வலி வந்து தோளுக்கு ஏறினால் வாயுத்தொல்லை என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள். கொழுப்பைப் பற்றி நான் முன்பு எழுதிய எதையும் நீக்கவில்லை. அளவோடு சமைத்த கொழுப்பு நல்ல உணவுதான். ஆனால் அந்த அளவு என்னுடையது. உங்கள் உடம்புக்கு எவ்வளவு என்று ஒரு பிளாக் சொல்ல முடியாது.

அறுவை முடிந்து ஆறு வாரம் கொழுப்பைத் தொடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பாருங்கள் என்று மருத்துவர் சொன்ன பிறகும் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். நெய்ப் புட்டியைத் திறந்து மூடுவேன். கடைசியில் ஒரு மத்தியானம் பருப்புச் சோற்றில் கால் தேக்கரண்டி விட்டுவிட்டு, பிலோமினாவுக்குப் போன் போட்டேன்.

"வெக்காதே, லைன்லயே இரு" என்றாள். "துன்னு."

முதல் கவளத்தை விழுங்கினேன். நெய் நன்றாக உருகியிருக்கவில்லை, சோறு ஆறிவிட்டிருந்தது. அதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, போனைக் காதில் வைத்தபடி தின்று முடித்தேன். அந்தப் பக்கம் அவள் பாத்திரம் தேய்க்கும் சத்தம், மேரியைத் திட்டும் சத்தம், தூரத்தில் அலை. ஒரு மணி நேரம் ஆனது.

"இன்னாடி," என்றாள் கடைசியில், "கீறியா?"

"இருக்கிறேன்" என்றேன்.