ஒரு மணிச் சோறு

சேலத்தில் ஒரு நூல் மில்லில் நான் லேபர் ஆபீசர். அறுபதுகளின் தொடக்கம். ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்த இடம். அவர்களுடைய லீவு, சண்டை, காய்ச்சல், கல்யாணம் எல்லாவற்றுக்கும் நான் ஒரே ஆள். 'தொழிலாளர் நலம்' என்று என் கதவிலேயே பலகை தொங்கும். என் நலத்தைக் கேட்கத்தான் நாதியில்லை.

மெஷினை விட்டு அவர்கள் நகர முடிவது மத்தியானம் ஒரு மணிச் சங்கு ஊதின பிறகுதான். அந்த அரை மணிக்குள் சோறும் உண்ண வேண்டும், என்னையும் பார்க்க வேண்டும். அப்புறம் நான் எங்கே சாப்பிடுவது? அவர்கள் சொன்னதையெல்லாம் எழுதி முடித்து, வீட்டில் கட்டிக்கொடுத்த தூக்குப்போசியைத் திறக்க நாலு மணி ஆகிவிடும். ஏழு வருஷம் இப்படியே ஓடிற்று. வயிறு எரிந்தது, அப்புறம் ஒரு நாள் மில்லிலேயே ரத்தமாக வாந்தி வந்தது. "வேளைக்குச் சாப்பிடு. இல்லாவிட்டால் வயிற்றை அறுக்க வேண்டியதுதான், பிழைப்பேனா என்று கேட்காதே" என்றார் டாக்டர். மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு என் மனைவி அன்று முழுக்க அழுதாள்.

சரி, ஒரு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடலாம் என்று ஆரம்பித்தேன். அடேயப்பா, வந்தது வினை! ஆபீசர் உள்ளே உட்கார்ந்து யார்மேலோ ரிப்போர்ட் எழுதுகிறார் என்றது தொழிற்சங்கம். மானேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"கதவைச் சாத்திக்கொண்டு சங்கத்துக்காரர்களோடு என்னய்யா ரகசியம்?"

"தயிர்ச்சோற்றோடுதான் சார் பேசிக்கொண்டிருந்தேன்."

மனிதர் சிரிக்கவில்லை. ஒருவன் பசிக்குச் சாப்பிடுவான் என்று இரண்டு தரப்பிலும் ஒருத்தருக்காவது தோன்றக் கூடாதா? எனக்கு வந்த ஆத்திரத்தில் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு நேரே கேண்டீனுக்குப் போனேன். எல்லாரும் பார்க்கட்டும் என்று நட்டநடுப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஒருத்தர்கூடக் கிட்டே வரவில்லை! உண்கிறவனிடம் போய்க் காரியம் பேசுவது இந்தப் பக்கத்தில் மரியாதையில்லை. மேஜைக்குப் பின்னால் இருந்தால் நான் ஆபீசர், சோற்றுக்கு முன்னால் இருந்தால் வெறும் மனுஷன். ஏழு வருஷமாக இது என் மரமண்டைக்கு எட்டவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அன்று முதல் நிதானமாக மென்று சாப்பிட்டேன். எரிச்சல் அடங்கத் தொடங்கியது.

அந்த வாரம், நூல் சுற்றும் ரீலிங் பகுதியில் வேலை செய்த ஒரு பெண், பனமரத்துப்பட்டியிலிருந்து வருகிறவள், கேண்டீன் தூணோரம் வந்து நின்றாள். நான் நிமிர்ந்து பார்த்ததும், "உண்ணுங்க சாமி, நாளைக்கு வாரேனுங்க" என்று போய்விட்டாள். மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். நான் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் பின்னாலேயே நாற்பது பேர் வருவார்கள் என்று பயந்து போசிக்குள் தலையைக் குனிந்துகொண்டேன்.

நான்காம் நாள் அவளைக் காணோம். கூட வேலை செய்கிறவளிடம் விசாரித்தேன். "அவளுக்கு இருமல்ல ரத்தமுங்க. மில் டாக்டர்கிட்டப் போகச் சீட்டுக் கேக்கத்தான் வந்தாளுங்க" என்றாள். என் கையெழுத்து இல்லாமல் டாக்டர் யாரையும் பார்க்க மாட்டார். அந்த விதியைப் போட்டவனே நான்தான். சீட்டு எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வாய்ச் சோறு மெல்லுகிற நேரம்கூட ஆகாது. என்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

சீட்டை எழுதி எடுத்துக்கொண்டு அன்றைக்கே பனமரத்துப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். வீட்டில் பாயில் சுருண்டு படுத்திருந்தவள் என்னைக் கண்டதும் பதறி எழுந்து உட்கார்ந்தாள். நான் சீட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டு அவள் கேட்டாள்:

"நேரத்துக்கு உண்கறீங்களே சாமி, வவுத்து நோவு இப்பத் தேவலீங்களா?"

ஏழு வருஷத்தில் அந்த மில்லில் என்னை அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.